பழைய ஆல்டர்நேட்டிவ் ராக் வானொலிகள்: எந்த நிலையத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது?

1980-களின், 90-களின் ஆல்டர்நேட்டிவ் ராக் இசையை, அதாவது வழக்கமான ராக்கிலிருந்து விலகி நின்ற குழுக்களின் இசையை, இன்று முறையாகக் கேட்க நினைப்பவர் பெரும்பாலும் ஏதாவது ஓர் இசைச் செயலியின் ஆயத்தப் பட்டியலில் போய் விழுகிறார். ஐம்பது பாட்டு இருக்கும். நாற்பது ஏற்கெனவே காதில் பட்டவை. அதைவிட அந்தக் காலத்து அமெரிக்கப் பண்பலை நிலையம் ஒன்றைத் தேர்ந்து, அது ஒலிபரப்பியதையே பின்தொடர்வது நல்ல வழி. வெற்றி பெறாமல் மறைந்த பாட்டும் அதில் இருக்கும். எந்தப் பாட்டுக்கு அடுத்து எதைப் போட்டார்கள் என்பதும் தெரியும்.

எந்த நிலையம் என்பதுதான் கேள்வி. புகழை வைத்துப் பார்த்தால் லாஸ் ஏஞ்சலஸின் கே-ராக் என்று எல்லோரும் சொல்வார்கள். புகழை ஓரமாக வைத்துவிட்டு, அந்த நிலையத்திலிருந்து இன்று நம் கைக்கு எது மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது மேல். ஒன்றிலிருந்து வாரவாரம் வென்ற பாட்டுகளின் பட்டியல் கிடைக்கிறது. இன்னொன்றிலிருந்து ஆண்டுப் பட்டியல். மூன்றாவதிலிருந்து எல்லாக் காலத்துக்குமான ஐந்நூறு பாட்டு. சிலவற்றிலிருந்து பழைய கேசட்டுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒவ்வொன்றும் கேட்கும் நேரமும் வேறு, கேட்கும் விதமும் வேறு.

வாரக் கணக்கு: டபிள்யூ.எல்.ஐ.ஆர்.

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் 92.7 மெகாஹெர்ட்ஸில் ஒலித்த சின்ன நிலையம். ஆற்றல் 3,000 வாட் மட்டும். பெரிய நகர நிலையங்களோடு ஒப்பிட்டால் தெருமுனை ஒலிபெருக்கி மாதிரி. 1982 ஆகஸ்டில் நிகழ்ச்சி இயக்குநர் டெனிஸ் மெக்னமாராவும் குழுவும் வழக்கமான ராக் பாட்டுகளைக் கைவிட்டு, ‘நியூ வேவ்’ எனப்படும், பங்குக்குப் பின் வந்த புது இசைக்கு முழுதாக மாறினார்கள். நகரத்துப் பெரிய நிலையங்களோடு அதே பாட்டுகளைப் போட்டு மோதிப் பயனில்லை என்ற கணக்கும் அதில் உண்டு.

இதன் பலம் இறக்குமதி. பிரிட்டனில் வெளியாகும் சிங்கிள் இசைத்தட்டுகளை, அமெரிக்க நிறுவனம் வெளியிடும்வரை காத்திராமல், விமானத்தில் வரவழைத்து உடனே ஒலிபரப்பினார்கள். கென்னடி விமான நிலையம் பக்கத்தில் இருந்தது கைகொடுத்தது. அதனால் ஒரு பாட்டு இங்கே ஒலித்த தேதிக்கும் அமெரிக்காவின் மற்ற ஊர்களில் ஒலித்த தேதிக்கும் இடையில் வாரங்கள், சில வேளை மாதங்கள் வித்தியாசம் இருக்கும்.

மிஞ்சியிருப்பது ‘ஸ்க்ரீமர் ஆஃப் தி வீக்’ பட்டியல். அந்த வாரம் வந்த புதுப்பாட்டுகளில் எது சிறந்தது என்று நேயர்கள் வாக்களிப்பார்கள். வென்றது அந்த வாரத்தின் ஸ்க்ரீமர். நம்மூர் நேயர் விருப்பம் மாதிரிதான், ஆனால் பழைய பாட்டுக்கு இடமில்லை. ஆண்டுக்கு அதிகபட்சம் 52 பாட்டு, பாட்டுக்கு நான்கு நிமிடம் என்றால் ஓராண்டு மூன்றரை மணி நேரத்தில் முடியும். ஒரு ஞாயிறு பிற்பகல் போதும். ஒரு தலைமுறையின் ரசனை மாதாமாதம் எப்படித் திரும்பியது என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் பட்டியல் வேறில்லை. ஒரே நிலையத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவருக்கு எங்கள் பரிந்துரை இதுவே, 1983-லிருந்து.

குறையும் உண்டு. வென்றவற்றில் பிரிட்டிஷ் சிந்தசைசர் பாட்டுகளின் கை ஓங்கியிருக்கும். அதே ஆண்டுகளில் மினியாபொலிஸில் கிட்டாரை வைத்துக்கொண்டு இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தவர்களை இதில் தேடினால் ஏமாற்றம்தான். இன்னொரு சிக்கல் பெயரில். உரிமம் பற்றிய நீண்ட வழக்கின் முடிவில் 1987 டிசம்பரில் டபிள்யூ.எல்.ஐ.ஆர். நின்றது, அதே அலைவரிசையில் வேறு உரிமையாளரின் கீழ் டபிள்யூ.டி.ஆர்.இ. வந்தது. 90-களின் பின்பாதியில் பழைய பெயர் மறுபடி திரும்பி, 2004 தொடக்கம்வரை ஓடியது. எனவே ‘டபிள்யூ.எல்.ஐ.ஆர். பதிவு’ என்று கிடைப்பதெல்லாம் 80-களின் பதிவு அல்ல. 1987-க்குப் பிந்தைய பாட்டு நடுவில் வந்தால் தேதியைச் சந்தேகியுங்கள்.

ஆண்டுக் கணக்கு: கே-ராக்

கே.ஆர்.ஓ.கியூ., 106.7 மெகாஹெர்ட்ஸ், உரிமம் பாசடீனாவுக்கு, கேட்டது லாஸ் ஏஞ்சலஸ் முழுதும். 1979-இல் வந்த நிகழ்ச்சி இயக்குநர் ரிக் கேரல் செய்த வேலை எளியது, ஆனால் அதற்குமுன் யாரும் துணியாதது: டாப் 40 நிலையங்கள் ஹிட் பாட்டுகளைச் சுழற்றிச் சுழற்றிப் போடுவதுபோல, பங்க், நியூ வேவ் பாட்டுகளைச் சுழற்றினார். அதற்கு ‘ராக் ஆஃப் தி எய்ட்டீஸ்’ என்று பெயர் வைத்து மற்ற நகர நிலையங்களுக்கும் ஆலோசகராகப் போனார். 1986-இல் இன்ஃபினிட்டி நிறுவனம் கே-ராக்கை வாங்கியது. அதன்பிறகு இது ஒரு பெருவணிகம்.

மிஞ்சியிருப்பவற்றில் முக்கியமானது ஆண்டு முடிவுப் பட்டியல். அலைவரிசை எண்ணையே பட்டியலுக்கும் வைத்து, ‘அந்த ஆண்டின் 106.7 பாட்டுகள்’ என்று வரிசைப்படுத்துவார்கள். ஒரு பட்டியலைக் கேட்டு முடிக்க ஏழு மணி நேரம். எல்லா ஆண்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்பது வீண்வேலை. 1983, 1988, 1992 ஆகிய மூன்றை மட்டும் எடுங்கள்: முதலில் சிந்தசைசர், பிறகு இருண்ட பிரிட்டிஷ் இசையும் அமெரிக்கக் கல்லூரி ராக்கும் கலந்த நிலை, கடைசியில் நிர்வானா குழுவுக்குப் பிந்தைய கிட்டார் வெள்ளம். மாற்றம் கண்ணுக்குத் தெரியும். 1999-ஐத் தாண்டினால் மெட்டலும் ராப்பும் கலந்த கார்ன், லிம்ப் பிஸ்கிட் வகைப் பாட்டுகள் பட்டியலை நிறைத்துவிடும்; 80-கள் தேடி வந்தவர் அங்கே நிற்க வேண்டியதில்லை.

சுழற்சிமுறையின் விளைவு இந்தப் பட்டியல்களிலும் ஒட்டியிருக்கிறது. எது அடிக்கடி ஒலித்ததோ அதுவே மேலே ஏறும். துணிச்சலான தேர்வுகள் பகல் நேரத்தில் இல்லை, வார இறுதி இரவில் ராட்னி பிங்கன்ஹைமர் நடத்திய ‘ராட்னி ஆன் தி ராக்’ நிகழ்ச்சியில் இருந்தன. 1976-இல் தொடங்கி 2017 வரை கே-ராக்கில் ஓடியது அது. கலிபோர்னியா பங்க் குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து 1980-லிருந்து 1982 வரை ‘பாஷ் பாய்’ நிறுவனம் அந்த நிகழ்ச்சியின் பெயரிலேயே மூன்று இசைத்தட்டுகள் வெளியிட்டது. பங்க் பக்கம் சாய்வு உள்ளவர் ஆண்டுப் பட்டியலை விட்டுவிட்டு, முதல் இசைத்தட்டை மட்டும் கேட்டாலே போதும்.

சான் டியாகோவின் 91எக்ஸையும் சேர்க்கலாமா என்று கேட்பவருக்கு: இசைக்காக வேண்டாம். 1983 ஜனவரியில் அதை மாற்றியமைத்தவரும் அதே ரிக் கேரல்தான். ஆரம்ப ஆண்டுகளில் பட்டியல் பெரிதும் ஒத்துப்போகும். அதன் சுவாரசியம் வேறு. கோபுரம் மெக்சிகோவின் டிஹுவானாவில், உரிமம் மெக்சிகோ அரசு தந்தது, நேயர்கள் எல்லைக்கு அமெரிக்கப் பக்கம். அதனால் நள்ளிரவிலும் காலை ஆறு மணிக்கும் மெக்சிகோ தேசிய கீதம் ஒலிக்க வேண்டும். ஞாயிறு இரவு அரசின் ஒரு மணி நேர நிகழ்ச்சியும் போட வேண்டும். இரவுப் பதிவொன்றில் நள்ளிரவில் கீதம் வந்தால் அது 91எக்ஸ் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

எக்காலக் கணக்கு: 97எக்ஸ்

ஒஹாயோ மாநிலத்தில் மயாமி பல்கலைக்கழகம் இருக்கும் ஆக்ஸ்ஃபர்ட் என்ற சிற்றூர், 97.7 மெகாஹெர்ட்ஸ், டபிள்யூ.ஓ.எக்ஸ்.ஒய். 1983-இல் மாடர்ன் ராக்குக்கு, அதாவது வானொலிக்காரர்கள் ஆல்டர்நேட்டிவுக்கு வைத்த பெயருக்கு, மாறியது. 1988-இல் வந்த ‘ரெயின் மேன்’ படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் திரும்பத் திரும்பச் சொல்லும் நிலைய முழக்கம் இதனுடையதுதான். பல்கலைக்கழக ஊரில் இருந்தாலும் மாணவர் வானொலி அல்ல, தனியார் நிலையம். ஆனால் பெருநிறுவனத்தின் கையில் இல்லை. 2004-இல் அலைவரிசையை விற்றுவிட்டு இணையத்துக்குப் போனது, 2010 மார்ச்சில் அடங்கியது.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில், அமெரிக்க நினைவு நாள் விடுமுறையை ஒட்டி, ‘மாடர்ன் ராக் 500’ போடுவார்கள், 1989 முதல். அந்த ஆண்டின் பாட்டு மட்டுமல்ல, அதுவரை வந்த அனைத்திலும் சிறந்த ஐந்நூறு. கேட்க முப்பத்து மூன்று மணி நேரம். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம்.

அடித்தளம் போட இதுதான் சரியான தேர்வு. எது எப்போது வந்தது என்று அறிய இதுதான் தவறான தேர்வு. 1979-இன் பாட்டுக்குப் பக்கத்தில் 1995-இன் பாட்டு நிற்கும். ஐந்நூறிலிருந்து ஒன்றை நோக்கிப் போவது மரபு. வானொலியில் அதுதான் பரபரப்பு. வீட்டில் கேட்பவர் அப்படிச் செய்யத் தேவையில்லை. 500-லிருந்து 300 வரையுள்ள பகுதியில்தான் கண்டுபிடிப்புகள் இருக்கின்றன. முதல் ஐம்பதை எந்தச் செயலியும் தந்துவிடும். இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் பட்டியலை அருகருகே வைத்து, முந்தையதில் இருந்து பிந்தையதில் காணாமல் போனவற்றை மட்டும் எடுத்துக் கேட்பது இன்னும் நல்ல உத்தி. காலம் உதிர்த்த பாட்டுகள் அவை. சிலவற்றை உதிர்த்தது அநியாயம்.

பட்டியலே இல்லாத நிலையம்: டபிள்யூ.எச்.எஃப்.எஸ்.

வாஷிங்டனை ஒட்டிய பெதெஸ்டாவில் 102.3-இல் ஒலித்தது, 1983-இல் 99.1-க்கு, அனாபொலிஸுக்கு இடம் மாறியது. பெயரின் கடைசி மூன்றெழுத்து ‘ஹை ஃபிடெலிட்டி ஸ்டீரியோ’. 102.3 காலத்தில் எந்த இசைத்தட்டைப் போடுவது என்பதை அறிவிப்பாளரே முடிவு செய்வார். ‘வீசல்’ என்ற பெயரில் பேசிய அறிவிப்பாளரும் டேமியன் ஐன்ஸ்டைனும் ப்ளூஸ், கன்ட்ரி, ரெக்கே, பங்க் எல்லாவற்றையும் ஒரே மணி நேரத்தில் கோப்பார்கள். 90-களில் அது வழக்கமான ஆல்டர்நேட்டிவ் நிலையமாகி, 1990-இல் தொடங்கிய எச்.எஃப்.எஸ்.டிவல் இசை விழாவால் அரங்கங்களை நிரப்பியது. 2005 ஜனவரி 12 அன்று முன்னறிவிப்பின்றி ஸ்பானிய இசைக்கு மாறியது.

சுழற்சி இல்லாத இடத்தில் பட்டியலும் இல்லை. 102.3-ஐ அறிய வேண்டுமானால் பழைய ஒலிபரப்புப் பதிவுகளைத்தான், அதாவது ஏர்செக்குகளைத்தான், தேட வேண்டும். அதில் உழைப்பு அதிகம். ஆனால் பட்டியல் எதுவும் சொல்லாத ஒன்றை அது சொல்லும்: ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு எப்படித் தாவினார்கள் என்பதை.

ஏர்செக் எடுப்பவர் கவனிக்க வேண்டியவை

முதல் கேள்வி, பாட்டு முழுதாக இருக்கிறதா? ‘ஸ்கோப்டு’ என்று குறித்திருந்தால் பாட்டுகளை வெட்டிவிட்டு அறிவிப்பாளர் பேச்சை மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். வேலை தேடும் அறிவிப்பாளர்கள் அனுப்பும் மாதிரிகள் அப்படித்தான் இருக்கும். மூன்று மணி நேர நிகழ்ச்சி பன்னிரண்டு நிமிடமாகச் சுருங்கியிருக்கும். நமக்கு வேண்டியது ‘அன்ஸ்கோப்டு’. 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஒலி அறுந்து தொடர்ந்தால் நல்ல அறிகுறி. சி-90 கேசட்டைத் திருப்பிப் போட்ட இடம் அது.

இரண்டாவது, பாட்டு அந்த ஒலிபரப்பிலேயே வந்ததா, பின்னால் யாராவது சிடியிலிருந்து ஒட்டினார்களா? ஸ்டீரியோ பண்பலையில் 19 கிலோஹெர்ட்ஸில் வழிகாட்டி அலை ஒன்று ஓடும். அதற்கு இடம்விட ஒலியை 15 கிலோஹெர்ட்ஸோடு வெட்டிவிடுவார்கள். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் அலைமாலைக் காட்சியை (ஸ்பெக்ட்ரோகிராம்) திறந்து பாருங்கள். பேச்சு ஓடும் இடத்தில் இசைப் பின்னணி 15-ஓடு நின்று, பாட்டு மட்டும் 20 வரை ஏறினால் அது ஒட்டுவேலை. 128 கிலோபிட் எம்பி3 கோப்பில் இந்தச் சோதனை செல்லாது. அந்தச் சுருக்கமே 16-ஐ ஒட்டி எல்லாவற்றையும் வெட்டியிருக்கும்.

மூன்றாவது, வேகம். பழைய கேசட் டெக்குகள் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடியிருக்கும். சிடியில் 240 வினாடி ஓடும் பாட்டு பதிவில் 235 வினாடியில் முடிந்தால் பதிவு 2.1 விழுக்காடு வேகம். சுருதியும் வேகமும் சேர்ந்து மாறும் கட்டளையைத் தேர்ந்து −2.1 கொடுங்கள், காலத்தை மட்டும் நீட்டும் கட்டளையைத் தொட வேண்டாம், சுருதி தப்பாகவே நிற்கும். திருத்துமுன் குற்றவாளி டெக்கா, நிலையமா என்று பாருங்கள். பாட்டைச் சற்று வேகமாக ஓடவிட்டுத் துடிப்பாகக் காட்டுவது அந்தக் காலத்து வானொலித் தந்திரம். அமைதியான இடத்தில் மின்சார ரீங்காரத்தை அளந்தால் விடை கிடைக்கும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், பதிவில் 61.2 என்று காட்டினால் டெக்தான் 2 விழுக்காடு பிசகியது. துல்லியமாக 60 இருந்தும் பாட்டு மட்டும் வேகம் என்றால் நிலையத்தின் வேலையாக இருக்கலாம். அளவு போதுமான நுட்பத்தில் தெரிய அலைமாலைப் பகுப்பின் (எஃப்.எஃப்.டி.) அளவை 65,536-ஆக வையுங்கள்; 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் ஒரு கோட்டுக்கு 0.67 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஒரு பொறி: கேசட்டைப் பின்னாளில் கணினியில் ஏற்றியபோது அந்த டெக் சேர்த்த ரீங்காரமும் அங்கே இருக்கும். சரியாக 60-இல் ஒரு முகடு, 61.2-இல் ஒரு முகடு என இரண்டு கண்டால் இரண்டாவதை நம்புங்கள்.

நான்காவது, மந்தமான ஒலி. டால்பி பி என்ற இரைச்சல் குறைப்பு இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டு ஓட்டினால் மூடிய கதவுக்கு அப்பால் பாடுவதுபோல இருக்கும். டால்பியோடு பதிந்ததைப் போடாமல் ஓட்டினால் கூர்மையும் இரைச்சலும் மிகும். பதிந்தவர் டெக்கில் வழிகாட்டி அலையை நீக்கும் எம்.பி.எக்ஸ். வடிகட்டியைப் போட மறந்திருந்தால் இன்னொரு கோளாறு: 19 கிலோஹெர்ட்ஸ் வழிகாட்டி அலையை இசை என்று நம்பி டால்பி ஏமாந்து, மேல் சுரங்கள் ஏறியிறங்கும். அதற்கு இன்று மருந்தில்லை. இரு தடங்களையும் மோனோவாகக் கூட்டும்போது கூர்மை சட்டென்று குறைந்தால் டெக்கின் ஒலிமுனை (ஹெட்) நாடாவைத் தொடும் சாய்வு பொருந்தவில்லை. மூல கேசட் கையில் இருந்தால் மோனோவில் கேட்டபடியே சாய்வுத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, கூர்மை அதிகமாகும் இடத்தில் நிறுத்தலாம். இரைச்சல் நீக்கியை அள்ளிப் பூசாதீர்கள். தண்ணீருக்குள் பாடுவதுபோல ஆகிவிடும்; அதைவிட இரைச்சல் தேவலாம்.

மற்றவை சுருக்கமாக

டொரொன்டோவை ஒட்டிய ப்ராம்ப்டனின் சி.எஃப்.என்.ஒய்., 102.1. டேவிட் மார்ஸ்டன் நடத்திய காலம் பொற்காலம். ரஷ் குழுவின் ‘தி ஸ்பிரிட் ஆஃப் ரேடியோ’ பாட்டு இதன் முழக்கத்திலிருந்து பிறந்தது. கனடியக் குழுக்களுக்கு நேயர் வாக்கில் தந்த காஸ்பி விருதுப் பட்டியல்தான் இங்கே எடுக்க வேண்டியது. அமெரிக்கப் பட்டியல்களில் அந்தக் குழுக்கள் அநேகமாக வரமாட்டார்கள்.

சியாட்டிலின் கே.சி.எம்.யூ., 90.3. வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் 1972-இல் தொடங்கியது. சப் பாப் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய ப்ரூஸ் பாவிட்டும் ஜானதன் போன்மனும் இங்கே அறிவிப்பாளர்கள். 2001-இல் கே.இ.எக்ஸ்.பி. ஆனது, இன்றும் உயிரோடு இருக்கிறது. கடந்த இரண்டு வார நிகழ்ச்சிகளைத் தளத்தில் திரும்பக் கேட்கலாம். பழையதைத் தோண்ட நேரமில்லாதவருக்கு இது ஒன்றே போதுமானதாக இருக்கலாம்.

1991-லிருந்து அட்லாண்டாவின் 99எக்ஸ், சிகாகோவின் கியூ101, சியாட்டிலின் தி எண்ட் எனப் பல முளைத்தன. பெரிய நிறுவனங்களின் பாட்டு ஒரே வாரத்தில் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்த காலம் அது. எந்த ஊரில் பிறந்தவரோ அந்த ஊர் நிலையத்தில் அவருக்குப் பாசம் இருக்கும். வெளியாருக்கு ஒன்றைக் கேட்டால் மற்றதைக் கேட்ட மாதிரிதான்.

பட்டியலைப் பாட்டாக மாற்றும்போது

எந்த நிலையத்தை எடுத்தாலும் செயலியில் தேடும்போது இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, பெயர். அமெரிக்காவில் சட்டச் சிக்கலால் பல பிரிட்டிஷ் குழுக்கள் பெயரை மாற்றிக்கொண்டன. பட்டியலில் ‘யாஸ்’ என்றிருந்தால் யாஸூ என்றும், ‘இங்கிலிஷ் பீட்’ என்றிருந்தால் தி பீட் என்றும், ‘லண்டன் ஸ்வேட்’ என்றால் வெறும் ஸ்வேட் என்றும் தேடிப் பாருங்கள்.

மற்றொன்று, பதிப்பு. நியூ ஆர்டரின் ‘ப்ளூ மண்டே’ 1983-இல் வந்தபோது ஏழரை நிமிடம். தேடலில் 1988-இன் மறுகலவை முந்திக்கொண்டு வரலாம். அதே குழுவின் ‘டெம்ப்டேஷன்’ 1982-இல் ஒன்று, 1987-இன் ‘சப்ஸ்டன்ஸ்’ தொகுப்புக்காகப் புதிதாகப் பதிந்தது ஒன்று. சைக்கடெலிக் ஃபர்ஸின் ‘ப்ரிட்டி இன் பிங்க்’ 1981-இல் ஒரு பதிவு, 1986-இல் படத்துக்காக இன்னொரு பதிவு. மாடர்ன் இங்கிலிஷின் ‘ஐ மெல்ட் வித் யூ’ 1982-லும் உண்டு, 1990-லும் உண்டு. பட்டியலின் ஆண்டைப் பாட்டின் பதிவு ஆண்டோடு ஒத்துப்பாருங்கள். செயலி காட்டும் ஆண்டு தொகுப்பு வெளியான ஆண்டாக இருக்கலாம், அதை நம்ப வேண்டாம். கால அளவுதான் நம்பத்தக்கது. அப்படியும் கிடைக்காத பாட்டுகளைத் தனித் தாளில் குறித்து வையுங்கள். ஏர்செக் தேடப் போகும்போது அந்தத் தாள்தான் முதலில் வேண்டியிருக்கும்.